அரவைக் கூலி: பூஜ்யம்

கேள்வி கேட்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை என் அம்மா இன்றுவரை நம்பவில்லை. "அதை நீ சின்ன வயசுல சும்மாவே பண்ணிக்கிட்டிருந்தியே" என்பாள். ஆனால் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எனக்கு வேலையே அதுதான். ஒரு வியாபாரத்துக்கு மென்பொருள் வேண்டுமென்றால், எழுதுகிறவர்கள் முதல் வரியை எழுதுவதற்கு முன்னால் நான் போய் உட்கார வேண்டும். உங்களுக்கு என்ன வேண்டும், இன்றைக்கு எப்படி நடக்கிறது, நாளைக்கு எது மாறலாம் என்று கேட்டுத் தொகுக்க வேண்டும். இதை நாங்கள் ரெக்வயர்மென்ட் எடுப்பது என்போம்.

மூன்றாவது கேள்வியில்தான் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. மாறக்கூடியதை மாறாததோடு ஒட்டிவிட்டால் பின்னால் வம்பு. சேர்ந்தே மாறுகிறவற்றை ஒரு மாட்யூலில், அதாவது மென்பொருளின் ஒரு பகுதியில், போட்டு, தனியாக மாறக்கூடியதைத் தனி மாட்யூலாக வைத்து, நடுவில் சின்னதாக ஒரு வாசல் விட்டுவிட வேண்டும். பிறகு ஒன்றைக் கழற்றினால் மற்றொன்று சரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜவுளிக்கடைக்கு இதைக் கேட்க மறந்துவிட்டேன். துணி விற்பதையும் தைத்துக் கொடுப்பதையும் ஒன்றாகவே எழுதிவிட்டோம். கடைக்காரர் தையல் பகுதியை வேறொருவருக்கு விட்டதும் பில் போடுவதே நின்றுபோனது, அதுவும் தீபாவளி வாரத்தில். அன்று வாங்கிய திட்டுக்குப் பிறகு, "இது ரெண்டும் நாளைக்குப் பிரியுமா?" என்று கேட்காமல் நான் எந்த இடத்தைவிட்டும் எழுந்ததில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கம்பெனி ஒத்துக்கொண்டது. கணவர் சிங்கப்பூரில், நான் பாபநாசத்தில், மாமனார் வீட்டு மாடியறையில் லேப்டாப்போடு. வீடென்றால் இரண்டு குடும்பம். மாமனார், மாமியார் முன்கட்டில். மாமனாரின் தம்பியும் அவர் மனைவியும் பின்கட்டில். நான் அவர்களைச் சின்ன மாமா, சின்ன அத்தை என்று கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் கணவரைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் சின்ன மாமாதான் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கட்டுக்கும் சேர்த்து ஒரே அடுப்படி.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து கும்பகோணம் சாலையில் ஒரு புழுங்கலரிசி ஆலை நடத்தினார்கள். உள்வேலை மாமாவுடையது: நெல்லை ஊறப்போடுவது, அவிப்பது, காயவைப்பது, அரைப்பது. வெளிவேலை சின்ன மாமாவுடையது: பைக்கில் குடவாசல் வரைக்கும் போய் நெல் வாங்குவது, அரிசியைக் கடைகளுக்குப் போடுவது. மாமா களத்தைவிட்டு வெளியே வரமாட்டார். சின்ன மாமா களத்துக்குள் கால் வைக்கமாட்டார். இருவரும் பேசிக்கொள்வதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில்தான். அதுவும் பாதிக்கு மேல் நெல்லின் ஈரத்தைப் பற்றி.

"ஊருக்கெல்லாம் பண்ணித் தர்றியே, நம்ம ஆலைக்கு ஒண்ணு பண்ணித் தரக் கூடாதாம்மா?" என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா கேட்டார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மருமகள் மாடியில் என்னதான் செய்கிறாள் என்று அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. யாருடனோ இங்கிலீஷில் சண்டை போடுகிறாள் என்றுதான் சின்ன அத்தை நினைத்துக்கொண்டிருந்தார். காட்டிவிட வேண்டியதுதான் என்று, தஞ்சாவூருக்குப் போய் வெள்ளைப் பலகையும் நாலு நிற மார்க்கரும் வாங்கி வந்தேன். வீட்டு ஆலைக்கு எதற்குப் பலகை? எல்லாம் பவிசுதான்.

ஆலையின் ஆபீஸ் அறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தோம். பக்கத்துத் தொட்டியிலிருந்து அவித்த நெல்லின் வாசனை. மாமா நாற்காலியில், சின்ன மாமா மேஜை விளிம்பில், சுவரோரப் பெஞ்சில் சின்ன மாமாவைப் பார்க்க வந்திருந்த குடவாசல் நெல் தரகர் ஒருவர். அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஆள் கூடுதலாகப் பார்க்கட்டுமே என்றுகூட நினைத்தேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. குறுவை நெல்லுக்கும் சம்பா நெல்லுக்கும் ஊறும் நேரம் வேறா, மழைக்காலத்தில் களத்தில் காயவைக்காமல் டிரையரில் போட்டால் செலவை எங்கே எழுதுவது, தவிடு வாங்குகிறவர் மாறுவாரா? மாமா எல்லாவற்றுக்கும் "அது மாறாதும்மா" என்றார். சின்ன மாமா எல்லாவற்றுக்கும் "அட, அது மாறுங்க அண்ணே" என்றார். அறையில் சிரிப்பாக இருந்தது. அவர்கள் சொன்னதையெல்லாம் நான் பெட்டி பெட்டியாகப் பலகையில் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் இடது பக்கம் ஆலை, வலது பக்கம் வாங்கல் விற்றல். நடுவில் சிவப்பு மார்க்கரால் மேலிருந்து கீழே ஒரு கோடு கிழித்தேன்.

"மாமா, இந்தப் பக்கத்துலேருந்து நெல்லு வருது, அரிசியா திரும்பிப் போகுது. நடுவுல அரவைக் கூலின்னு ஒரு இடம் விட்டு வெச்சுடலாம். இப்போதைக்குப் பூஜ்யம்னு போட்டுக்கலாம்" என்றேன்.

"யாருக்கு யாரும்மா கூலி குடுக்கறது?" என்றார் மாமா. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். நான் பலகையில் விரல் வைத்துக் காட்டினேன். "ஆலை உங்க பக்கம். வாங்கறது விக்கறது சின்ன மாமா பக்கம். நாளைக்கு ஒருவேளை இது ரெண்டும் தனித்தனி கைக்குப் போகுதுன்னு வெச்சுக்குங்க. அப்ப ஆலை சும்மா அரைச்சுத் தராது இல்லையா? இப்பவே இடம் விட்டு வெச்சா, அப்ப எதையும் உடைக்க வேண்டியதில்ல."

தரகர் கையிலிருந்த டீ கிளாஸைப் பெஞ்சின்மேல் வைத்தார். மாமா என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார். சின்ன மாமா மேஜையிலிருந்து இறங்கி, சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டார்.

"பூஜ்யம்னு போட்டா, நாளைக்கு அதே எடத்துல வேற நம்பர் போடலாம். அதானேம்மா?" என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். அண்ணன் பக்கம் திரும்பி, "நா வரேண்ணே, குடவாசல்ல லாரி நிக்குது" என்று சொல்லிவிட்டுத் தரகரோடு போய்விட்டார்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அதுதான் இன்றும் என்னைக் கூசவைக்கிறது. நல்ல கேள்வி கேட்டதாகத்தான் நினைத்தேன். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் தொழிலில், வெளியாள் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது, வீட்டுக்கு வந்த மருமகள் எழுந்து நின்று சிவப்புக் கோடு கிழித்து, இதற்கப்புறம் உன் பக்கம், என் பக்கம் என்று சொன்னால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாதா? நானும் இந்தப் பக்கத்துப் பெண்தான். தஞ்சாவூரில் எங்கள் தெருவிலேயே பாகப்பிரிவினை பற்றிய பேச்சை எடுத்த மருமகள்களை என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டு வளர்ந்தவள். ஆனால் மார்க்கரைக் கையில் எடுத்ததும் நான் மருமகள் இல்லை, கம்பெனி ஆள் என்று எனக்கு நானே வேஷம் போட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் பிறகுதான் தோன்றியது. அதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்டிருக்கலாம். "வெளியாள் யாராவது நெல் கொண்டுவந்து கூலிக்கு அரைக்கச் சொன்னால்?" என்று கேட்டிருந்தால், அதே பெட்டி, அதே கோடு, அதே பூஜ்யம் வந்திருக்கும். ஒருவருக்கும் வலித்திருக்காது. நான்தான் கையில் கிடைத்த உதாரணத்தை எடுத்தேன்.

வெறும் வாயை மெல்லுகிற தரகருக்கு நான் அவலைக் கொடுத்துவிட்டேன். ரெண்டே நாளில் மன்னார்குடியிலிருந்து ஒரு சொந்தக்காரர் போன் செய்து, "என்னங்க, அண்ணன் தம்பி பிரியறீங்களாமே" என்று மாமியாரைக் கேட்டார். அத்தை போனை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் எதிரில் வந்து உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"இந்த வீட்டுக்கு நான் வந்து இத்தன வருஷமாச்சு. எனக்கும் உன் சின்ன அத்தைக்கும் சண்ட வராத நாள் இல்ல. ஆனா அந்த வார்த்தய நாங்க ரெண்டு பேரும் வாயில எடுத்ததில்லம்மா."

"அத்தை, நான் சாப்ட்வேருக்காகத்தான் கேட்டேன்."

"அது எனக்குப் புரியுது. அவருக்கு எப்பிடிப் புரியும்?"

சின்ன மாமாவுக்கு வேறு மாதிரித்தான் புரிந்திருந்தது. அண்ணன் சொல்லாமல் மருமகள் இப்படிக் கேட்பாளா? நேரே சொல்ல வாய் வராமல், கம்ப்யூட்டர் பெயரைச் சொல்லி அண்ணன்தான் கேட்கவைத்திருக்கிறார். பிள்ளை இல்லாதவனுக்கு எதற்குப் பாதி ஆலை என்று அண்ணன் நினைத்துவிட்டார். அந்த வாரமே அவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்கட்டுக்கு வருவது நின்றது. பின்கட்டில் சின்ன அத்தை ஒரு கேஸ் அடுப்பு வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் நாங்கள் மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். மாமா ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. தம்பியிடமும் போய்ச் சொல்லவில்லை. செய்யாததற்கு விளக்கம் சொல்வதாவது என்ற பிடிவாதம் அவருக்கு. சிங்கப்பூரிலிருந்து என் கணவர் சின்ன மாமாவுக்குப் போன் செய்து பார்த்தார். "நீ நல்லா இருக்கியாப்பா" என்பதற்கு மேல் பேச்சு போகவில்லை.

மனசு கேட்காமல் நானே பின்கட்டுக்குப் போனேன். சின்ன மாமா பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, என்னை மன்னிச்சுடுங்க. பெரிய மாமா சொல்லி நான் கேக்கல. நானாத்தான் கேட்டேன்."

அவர் துணியைப் பிழிந்து கைப்பிடியில் போட்டார். "அண்ணன் சொல்லியிருந்தாகூடப் பரவால்லம்மா. அவரு சொல்லலன்னா இன்னும் மோசம். சொல்லாமயே உனக்குத் தோணியிருக்கு. நேத்து வந்த புள்ள உனக்கே தோணுதுன்னா, இந்த வீட்டுல எல்லாருக்கும் தோணிக்கிட்டுத்தான் இருக்குன்னு அர்த்தம். எனக்குத்தான் தோணல."

சின்ன அத்தை உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து கொடுத்தார். அந்த வீட்டில் எனக்கு விருந்தாளி டம்ளரில் காபி கொடுத்தது அதுதான் முதல் தடவை.

மென்பொருளை அரைகுறையாக விட்டால் இன்னும் கேவலமாகப் போய்விடும் என்று முடித்துக் கொடுத்தேன். அரவைக் கூலி என்ற இடத்தைத் திரையில் தெரியாமல் மறைத்துவிட்டேன், எடுக்கவில்லை. எடுக்க மனசு வரவில்லை என்பதுதான் நிஜம். அது இருந்தால்தான் மாட்யூல் இரண்டும் சுத்தமாகத் தனித்தனியே நிற்கும். குடும்பம் இரண்டாகிக்கொண்டிருக்கும்போதுகூட என் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று பார்த்திருக்கிறேன். இந்தப் புத்தியை என்னவென்று சொல்வது?

பொங்கல் கழிந்தது. சின்ன மாமாவே உறவில் மூத்த ஒருவரைக் கூட்டிவந்தார், பிரித்துக் கொடுத்துவிடுங்கள் என்று. கூடத்தில் பாய் போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். சொத்தில் தகராறே இல்லை. ஆலை அண்ணனுக்கு, கும்பகோணம் ரோட்டு குடோனும் அரிசி வியாபாரமும் தம்பிக்கு. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு விட்டுக்கொடுத்தார்கள். அதைப் பார்ப்பதற்குச் சண்டையே மேல் என்று இருந்தது.

கடைசியில் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொத்தப் பிரிச்சுடலாம். கணக்கு இருக்குல்ல. வாங்கினது, வித்தது, கெடங்குல கெடக்குறது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கு. பிரிக்க ஒரு போகமாவது ஆகும். அதுவரைக்கும் இப்பிடியே ஓடட்டும்."

மூத்தவர் சின்ன மாமாவைப் பார்த்தார். சின்ன மாமா மறுத்து எதுவும் சொல்லவில்லை. பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். மூத்தவர் என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் கம்ப்யூட்டர்லதானேம்மா இருக்கு. நீ சொல்லு. எவ்வளவு நாளாகும்?"

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாங்க" என்றேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. அதோடும் விடவில்லை. "ரெண்டும் தனித்தனி மாட்யூலாத்தான் எழுதியிருக்கேன். நடுவுல ஒரு கூலியப் போட்டாப் போதும், தானாப் பிரிஞ்சுடும்" என்று விளக்கம் வேறு சொன்னேன். ஒரு வாடிக்கையாளர் கேட்டால் எந்தக் குரலில் சொல்வேனோ அந்தக் குரல்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு, "அப்ப சரி" என்றார்.

அன்று சாயங்காலமே முடிந்தது. ஒரு எண்கூடப் பிசகவில்லை. அடுத்த வாரம் சின்ன மாமாவும் சின்ன அத்தையும் கும்பகோணத்தில் வாடகை வீட்டுக்குப் போனார்கள். பின்கட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்த அத்தை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"ஒரு போகம் ஆகும்னு அவரு ஏன் சொன்னாருன்னு உனக்குப் புரியவே இல்லயாம்மா? கணக்கு பாக்கணும்னா தம்பி தெனம் வந்து எதிர்க்க உக்காரணும். ஒரு மாசம் உக்காந்தா கோவம் எறங்கிடும். அதுக்குத்தான் அவரு அப்பிடிச் சொன்னாரு."

பலகை முன்னால் கேட்ட கேள்வி தெரியாத்தனம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இது அப்படியில்லை. வாய்விட்டுக் கேட்கத் தெரியாத மனிதர், எல்லோர் எதிரிலும், தன்னால் முடிந்த ஒரே ஒரு பொய்யைச் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவரும் அதைப் பொய்யென்று தெரிந்தே சும்மா இருந்தார். அவர்கள் இரண்டு பேரும் பேசாமலே ஒத்துக்கொண்ட ஒன்றை, என் வேலை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்காக நான் உடைத்தேன். "பாக்கணுங்க, நாளாகும்" என்று இழுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இந்தப் பக்கத்தில் கணக்கு பிரியாமலே பத்துப் பதினைந்து வருஷம் இழுத்து, அதற்குள் பேரன் காதுகுத்தில் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்துவிட்ட அண்ணன் தம்பிகள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டில் என்னைப் போல ஒரு மருமகள் இல்லை.

கம்பெனியில் இப்போதும் அதே வேலைதான் பார்க்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மாட்யூல் பிரிப்பதைப் பற்றி வகுப்பும் எடுக்கிறேன். "இது ரெண்டும் நாளைக்குப் பிரியுமா?" என்ற கேள்வி வரும் இடத்தில் மட்டும் தண்ணீர் குடிப்பது போலக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன்.

போன மாதம் ஒருநாள் காலையில் சின்ன மாமா போன் செய்தார். பிரிந்த பிறகு அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் கூடத்தில்தான் இருந்தேன். மாமா ஈஸிசேரில் காலைத் தூக்கிப் போட்டுச் சாய்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே வீக்கம். ஒரு வாரமாக ஆலைக்குப் போவது தட்டுத் தடுமாறித்தான்.

"அம்மாடி, ஒரு சந்தேகம். முன்னாடி நம்ம கம்ப்யூட்டர்ல காலைல ஆலை எத்தன மணிக்கு ஓட ஆரம்பிச்சுதுன்னு வரும்ல. அது இப்ப எனக்கு வர மாட்டேங்குதே."

"அது வராதுங்க மாமா. அது ஆலைப் பக்கம் போயிடுச்சு. ஒரு பக்கத்துல நடக்கறது இன்னொரு பக்கத்துக்குத் தெரியாத மாதிரிதான் நான் எழுதியிருக்கேன்."

"ஓகோ." கொஞ்ச நேரம் பஸ் சத்தம் கேட்டது. "இல்ல, அண்ணனுக்குக் கால் முடியலன்னு கேள்விப்பட்டேன். அவரு வந்தாத்தான் பாய்லரப் பத்தவெப்பாங்க. மணியப் பாத்தா, எழுந்து வந்தாரா இல்லியான்னு தெரிஞ்சுடும். அதுக்காகக் கேட்டேன்."

"மாமா இங்கதான் இருக்காருங்க. போனைக் குடுக்கட்டுமா?"

"வேணாம், வேணாம். நான் சாப்ட்வேர் விஷயமாத்தான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

மாமா கண்ணைத் திறக்காமலே கேட்டார். "தம்பியா?"

"ஆமாங்க மாமா."

"என்னவாம்?"

"சாப்ட்வேர்ல ஒண்ணு வரலியாம்."

அவர் காலைக் கையால் பிடித்து மெதுவாக இறக்கி வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டத சரி பண்ணிக் குடுத்துடும்மா. இல்லன்னா, அண்ணன்தான் வேணாம்னு சொல்லிட்டாருன்னு நெனச்சுக்குவான்" என்றார்.